இடுப்பு மூட்டு அறுவைக்குப் பிந்தைய இயன்முறை மருத்துவம்

இடுப்பு மூட்டை மாற்றியவர்களையும், தொடை எலும்பின் கழுத்து முறிந்து அறுவை செய்துகொண்டவர்களையும் மறுபடி நடக்க வைக்கும் பயிற்சிச் சிகிச்சை இது. பேச்சுவழக்கில் ‘பிசியோ’.

உலோகப் பந்தும் பாலிஎத்திலீன் கிண்ணமும் கொண்ட செயற்கை மூட்டை ஜான் சார்ன்லி 1962இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பொருத்தத் தொடங்கினார். அன்றைய நோயாளிகள் வாரக்கணக்கில் படுத்தே கிடந்தார்கள். இன்று அறுவை நடந்த அன்றோ மறுநாளோ வாக்கரைப் பிடித்து நிற்க வைத்துவிடுகிறார்கள். படுக்கை நீண்டால் காலில் ரத்தம் உறையும், நுரையீரலில் சளி தேங்கும், புண் வரும், தசை கரையும். படுத்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசைக்கச் சொல்வது ரத்தம் தேங்காமல் ஓடத்தான்.

மூட்டு புதிதானாலும் அதை ஆட்டும் தசை பழையதே. ஒற்றைக் காலில் நிற்கையில் இடுப்பு மூட்டின் மேல் உடல் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மடங்கு சுமை விழுகிறது. அப்போது இடுப்பெலும்பு மறுபக்கம் சரியாமல் இழுத்துப் பிடிப்பது குளூட்டியஸ் மீடியஸ் என்னும் பக்கவாட்டுத் தசை. வலியால் பல ஆண்டுகள் சாய்ந்து நடந்தவர்களிடம் அது மெலிந்திருக்கும். மேசையைப் பிடித்து நின்று காலைப் பக்கவாட்டில் தூக்கும் பயிற்சி அதற்காகத்தான். சலிப்பூட்டும், ஆனால் விந்தல் நடை மறைவது பெரும்பாலும் இதனால்தான்.

கைத்தடியை அறுவை செய்த காலின் பக்கமே பிடிப்பது பலர் செய்யும் தவறு. எதிர்க்கையில் பிடித்தால்தான் அந்தப் பக்கவாட்டுத் தசையின் வேலை குறையும். படியேற நல்ல கால் முதலில். இறங்க அறுவை செய்த கால் முதலில்.

பின்புறம் திறந்து அறுவை செய்திருந்தால், முதல் சில வாரங்கள் இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்குவதும், கால்மேல் கால் போடுவதும், பாதத்தை உட்புறம் திருப்புவதும் கூடாது, மூட்டு நழுவலாம். முன்புறம் திறந்தவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு குறைவு. பாயில் உட்கார்ந்து சாப்பிட்டு, குந்தும் கழிப்பறைக்குப் போய்ப் பழகிய நம்மவர்களுக்கு இடுப்பை மடக்காமல் இருப்பது பெரிய சிரமம். அதனால் அனுபவமுள்ள இயன்முறை மருத்துவர் முதலில் கேட்பது வலியை அல்ல, வீட்டை: வாசலில் எத்தனை படி, கழிப்பறை எந்த வகை, கட்டில் எவ்வளவு உயரம்?

அறுவை செய்த கால் நீளமாகிவிட்டதாகச் சிலர் பதறுவதுண்டு. பலருக்கு அது இறுகிய தசை காட்டும் போலித் தோற்றம். நீட்டல் பயிற்சியில் சில மாதங்களில் மறையும். அதற்குள் செருப்பை உயர்த்தித் தைக்கக் கொடுக்க வேண்டியதில்லை.