நான்கில் ஒரு பங்கு

பணத்தை அரசாங்கம் தரட்டும், பள்ளியைப் பெற்றோர் தெரிந்தெடுக்கட்டும், பள்ளிகள் தம்முள் போட்டியிட்டு மேம்படட்டும் என்று 1955-ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் எழுதிய யோசனை, அரை நூற்றாண்டுக்குப் பின் பெங்களூரை அடைந்தபோது சமத்துவத்தின் திருநாமம் பூண்டிருந்தது. உதவிபெறாத தனியார் பள்ளிகள் நான்கில் ஒரு பங்கு இடத்தையாவது நலிந்தோர் குழந்தைகளுக்கு அளிக்க வேண்டும், செலவை அரசாங்கம் ஈடுசெய்யும் என்ற 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் விதியில், சந்தைவாதிகளின் விருப்பமும், செல்வர் மகவும் ஏழை மகவும் ஒரே பெஞ்சில் அமர வேண்டுமென்ற லட்சியவாதிகளின் கனவும் கைகோத்தன.

2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை உறுதிசெய்தது. ஜூலையில், கர்நாடக உதவிபெறாத பள்ளி நிர்வாகங்களின் சங்கம் ஒரு வாரக் கதவடைப்புக்கு அழைப்பு விடுத்தது. அரசாங்கம் அப்போது ஈடாகத் தர முன்வந்த, குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 11,848 ரூபாய் போதாது என்பது நிர்வாகத்தினரின் வாதம். அதைக் கணக்குப் புத்தகம் கொண்டு விசாரிக்கலாம். ஆனால், ஒரு பள்ளியில் இச்சட்டத்தின்படி சேர்ந்த குழந்தைகளை அடையாளம் காண அவர்கள் தலைமயிரைக் கத்தரித்தார்கள் என்று அதே மாதம் பத்திரிகைகளில் வந்த செய்தியைப் படித்தவர் நெஞ்சு எந்தக் கணக்கினாலும் ஆறியிராது.

இவ்விதிக்கு மெய்யான ஆதரவைத் திரட்டியவர்கள், வருமானச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்தில் காத்து நின்று, குலுக்கலில் தம் குழந்தையின் பெயர் விழுமா என்று ஏங்கிய பெற்றோர்களே. அவர்கள் விரும்பியது ஆங்கிலம். அதை அரசுப் பள்ளி தராதபோது அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஆயினும், பொதுப் பணம் தனியாரிடம் செல்லச் செல்ல அரசுப் பள்ளியின் வகுப்பறை காலியாகிறது என்று பெங்களூரின் கல்வியாளர் நிரஞ்சனாராத்யா போன்றோர் இடைவிடாது எச்சரித்ததும், 1964-66-ல் கோத்தாரி குழு பரிந்துரைத்த பொதுப்பள்ளி முறையை நினைவூட்டியதும் நியாயமே.

2019 தொடக்கத்தில், அருகில் அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ இருப்பின் தனியார் பள்ளிக்கு இக்கடமை இல்லை என்று கர்நாடக அரசு விதியைத் திருத்தியது. பெற்றோர் தொடுத்த வழக்கைத் தள்ளி, மே 31-ல் உயர் நீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றது. அரசுப் பள்ளியைக் காக்க முனைந்தோரின் வாதத்தால், இவ்விதியை ஆரம்பமுதல் வெறுத்த நிர்வாகங்களே பெரிதும் விடுதலை பெற்றன. அரசுப் பள்ளியை முதலில் உயர்த்திவிட்டு அல்லவா இக்கதவை மூடியிருக்க வேண்டும்!

திருத்தத்துக்கு முன், 2018-ல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தைகள் 2026-ல் எட்டாம் வகுப்பை முடிக்கிறார்கள். சட்டத்தின் பாதுகாப்பு அத்துடன் நிற்க, அவர்கள் அதே பள்ளியில் தொடர ஒன்பதாம் வகுப்பின் கட்டணத்தைப் பெற்றோரே தேட வேண்டும்.