தவணை தவறிய காப்புறுதி



இருபது ஆண்டு காலம் ஒரு தவணையேனும் தவறாது காப்புறுதிக் கட்டுப்பணம் செலுத்தி வந்த ஒருவர், இருபத்தோராம் ஆண்டிலே நோயினாலோ வறுமையினாலோ ஒரு தவணை தவறிவிடுகிறார் என வைத்துக்கொள்வோம். அவருடைய பத்திரம் இரத்தாகின்றது. அவ்வாறாயின், அதுவரை அவர் செலுத்திய இருபது ஆண்டுப் பணம் யாருக்கு உரியது? கேட்பதற்கு எளிய வினாவே. எனினும், இதற்கு நீதியான விடை காண்பதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் சென்றன. அந்த வரலாறே இன்றைய பேச்சின் பொருளாகும்.

1762 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் 'இக்குவிற்றபிள்' என்னும் ஆயுட் காப்புறுதிச் சங்கம் தோன்றியது. அதற்குக் கணக்கு வகுத்துக் கொடுத்த ஜேம்ஸ் டொட்சன் என்னும் கணித ஆசிரியர், சங்கம் தோன்றுமுன்னரே, 1757 இல், காலமாகிவிட்டார். அவர் வகுத்த முறை இதுவே: சேரும்போதுள்ள வயதிற்கேற்ப ஒரு கட்டுப்பணம் நிருணயிக்கப்படும்; அது ஆயுள் முழுவதும் கூடாது, குறையாது. முப்பது வயதினன் அவ்வாண்டில் இறக்கும் வாய்ப்புக் குறைவு. அறுபது வயதினனுக்கு அது மிகுதி. கட்டுப்பணமோ இருவயதிலும் ஒன்றே. ஆகவே, இளமையிலே ஒருவன் தனக்கு வேண்டியதற்கு மேலாகவே செலுத்துகின்றான். அம்மிகுதி, முதுமையின் குறையை ஈடுசெய்வதற்காக நிறுவனத்தின் கையில் வளர்ந்து நிற்கின்றது. நெற்செய்கைக்காரன் பஞ்சகாலத்தை எண்ணிக் கோட்டை கட்டி வைக்கும் நெல்லைப் போன்றது அது.

ஆயின், அக்காலத்துப் பத்திரங்களிலே பொதுவாகக் காணப்பட்ட நிபந்தனை கடுமையானது. தவணை தவறினால் ஒப்பந்தம் ஒழிந்தது. சேர்ந்து நின்ற பணமும் ஒழிந்தது. கட்டுப்பணம் செலுத்துவதற்குப் பதினைந்து சலுகை நாட்கள் கொடுக்கப்பட்டதுண்டு. அச்சலுகையும் எத்துணை மெலிந்ததென்பதை நீதிமன்றங்கள் காட்டின. 1794 இல் இங்கிலாந்திலே தீர்க்கப்பட்ட ஒரு வழக்கில், சலுகை நாட்களுக்குள், பணம் செலுத்துமுன், தீ மூண்டமையால் நட்டஈடு இல்லையென்றாயிற்று. இதனால் மக்கள் கலக்கமுறவே, தீக்காப்புறுதி நிலையங்கள் சில, அந்நாட்களிலும் தாம் பொறுப்பேற்பதாக விளம்பரம் செய்தன. 1810 இல் எழுந்த ஆயுட் காப்புறுதி வழக்கொன்றிலே, சலுகை நாட்களுக்குள் ஒருவர் இறந்தார். அவருடைய உரித்தாளர் அதே நாட்களுக்குள் பணத்தைக் கொண்டு சென்று கொடுத்தும் பயன் கிட்டவில்லை.

பணம் கட்ட இயலாத முதியவர்களுக்கு அக்காலத்தில் எஞ்சியிருந்த வழிகளுள் ஒன்று ஏலம். தம் பத்திரத்தை அவர்கள் ஏலத்தில் விற்பர். வாங்குவோர் மீதித் தவணைகளைத் தாமே செலுத்தி, விற்றவரின் மரணத்தை எதிர்பார்த்திருப்பர். அவர் விரைவில் இறந்தால் இலாபம்; நெடுங்காலம் வாழ்ந்தால் நட்டம். 1844 இல் இலண்டனுக்குச் சென்றிருந்த அமெரிக்கர் ஒருவர் இத்தகைய ஏலத்தைக் கண்டு திடுக்கிட்டார். அவரே எலிசர் ரைட். யேல் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். கணிதப் பேராசிரியராய் இருந்தவர். அடிமை ஒழிப்பு இயக்கத்தில் முன்னின்று உழைத்தவர். தம் நாட்டு அடிமைச் சந்தைக்கும் இந்த ஏலத்திற்கும் அவர் பெரிய வேற்றுமை காணவில்லை.

ரைட் வெறும் கண்டனத்தோடு நின்றுவிடவில்லை. ஒவ்வொரு பத்திரத்தின் பொருட்டும் நிறுவனம் எவ்வளவு பணத்தை இருப்பில் வைத்திருத்தல் வேண்டும் என்பதைக் காட்டும் அட்டவணைகளை இரவு பகலாகக் கணித்தார். 1858 இல் மசச்சூசெட்ஸ் மாநிலம் அவ்விருப்பை ஆண்டுதோறும் மதிப்பிடச் சட்டம் இயற்றி, அவரையே காப்புறுதி ஆணையாளராக நியமித்தது. அடுத்து 1861 ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. தவணை தவறினாலும் சேர்ந்த பணம் பறிபோகாது. அதில் ஐந்தில் நான்கு பங்கு எத்தனை காலத்துக்குப் போதுமோ, அத்தனை காலம் காப்புறுதி நீடிக்கும் என்று அச்சட்டம் விதித்தது. 1880 இல் வந்த சட்டம், பத்திரத்தைக் கைவிடுவோர் பணமாகவே ஒரு தொகை பெறவும் வழி செய்தது. நிறுவனத்தார் சிலரின் பகையை ரைட் தேடிக்கொண்டார், பதவியையும் இழந்தார். ஆனால் அவர் கணக்கை எவராலும் பொய்யென்று காட்ட முடியவில்லை.

இதே வினா 1876 இல் அமெரிக்க உயர்நீதிமன்றத்தின் முன்னும் வந்தது. மிசிசிப்பி மாநிலத்து மருத்துவர் ஒருவர் 1851 இல் ஐயாயிரம் டொலருக்குக் காப்புறுதி செய்து பத்தாண்டு பணம் செலுத்தினார். உள்நாட்டுப் போர் மூண்டபின் வடக்கிலிருந்த கம்பனிக்குப் பணம் அனுப்ப வழியில்லை. தவணை தவறியது, 1862 இல் அவர் இறந்தார். தவணை தவறிய பத்திரம் செல்லாது என்றே மன்று தீர்த்தது. ஆனால் செலுத்திய பணத்தின் நியாயமான பெறுமதி குடும்பத்துக்குத் திரும்பவேண்டும் என்றும் கூறியது.

ஆயுட் காப்புறுதியிலே இரத்தான பத்திரத்தை மீண்டும் உயிர்ப்பிக்கும் வழக்கமும் நாளடைவில் நிலைபெற்றது. நிலுவையை வட்டியோடு செலுத்தி, தாம் உடல் நலத்தோடிருப்பதையும் காட்டவேண்டும் என்பதே நிபந்தனை. நலத்தை ஏன் கேட்கவேண்டும்? கேளாவிடின், நோயுற்றவரே திரும்பி வருவர், நலமுள்ளோர் வாளாவிருப்பர், தவறாது கட்டுவோர் தலையிலேயே சுமை ஏறும்.

இனி, மோட்டார் வண்டிக் காப்புறுதியை நோக்குவோம். இது பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தம். அவ்வாண்டின் ஆபத்துக்கே பணம் செலவாகிவிடுதலால், சேர்ந்து நிற்கும் முதுசம் இதில் இல்லை. ஆகவே ரைட் அவர்களின் கணக்கு இதற்குப் பொருந்தாது. ஆனால் வேறொரு வினா எழுகின்றது: காப்புறுதி இரத்தானால் இடர்ப்படுபவர் யார்? பணம் கட்டத் தவறியவர் மட்டுமல்லர். தெருவிலே நடந்து செல்லும் அயலாரும் ஆவர். இதனை உணர்ந்து மோட்டார்க் காப்புறுதியைக் கட்டாயமாக்கிய முதல் அமெரிக்க மாநிலமும் அதே மசச்சூசெட்ஸ் தான். 1925 இல் இயற்றப்பட்ட அச்சட்டம் 1927 இல் நடைமுறைக்கு வந்தது. கம்பனி பத்திரத்தை இரத்துச் செய்வதாயின் சொந்தக்காரருக்கும் வாகனப் பதிவாளருக்கும் எழுத்தில் முன்னறிவித்தல் வேண்டும் என்பதும் அங்கே விதியாயிற்று. இங்கிலாந்திலே 1930 ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றாந் தரப்பினருக்கான காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. எமது நாட்டிலும் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் அந்நிபந்தனை உண்டு.

ஒன்றை மட்டும் நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். தவறிய தவணையைப் பின்னர் செலுத்திக் காப்புறுதியைப் புதுப்பித்தாலும், கம்பனி வேறுவிதமாக உடன்பட்டாலன்றி, இடையில் நின்ற நாட்கள் பெரும்பாலும் வெற்று நாட்களே. அந்நாட்களில் நேர்ந்த விபத்தின் சுமை வண்டிக்காரர் தலையிலேயே விழும். எனவே, தவணை நாள் தவறும் என அறிந்தால் முன்கூட்டியே கம்பனிக்கு எழுதிக் கேட்பது நலம். அவர்கள் தரும் மறுமொழியையும் எழுத்திலேயே பெற்றுப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

ஒரு நாள் தவறியமைக்காக இருபது ஆண்டு உழைப்பைப் பறித்தல் ஆகாது என்று உலகம் ஏற்றுக்கொண்டது, எவரோ இரக்கப்பட்டதனால் மட்டும் நிகழ்ந்ததன்று. அந்தப் பணம் யாருடையது என்பதை ஒருவர் அமர்ந்து, கணக்கிட்டு, எண்ணால் நிறுவிக் காட்டினார். நீதியின் பக்கம் கணக்கும் நிற்குமாயின், அதனை நெடுநாள் மறுத்து நிற்பது எவருக்கும் அரிது.