ரோமாபுரி யாத்திரையில் பிறந்த நூல்கள்

கி.பி. 1300ஆம் ஆண்டு பிறந்த நாளன்று மாலை, ரோமாபுரியின் புனித பேதுரு பேராலயத்தை நோக்கி மக்கள் அலை அலையாகத் திரண்டனர். நூறாண்டுக்கு ஒருமுறை வரும் இவ்வாண்டில் ஆலயத்தைத் தரிசித்தால் பாவச்சுமை நீங்கும் என்றொரு பேச்சு நகரில் பரவியிருந்தது. 107 வயது முதியவர் ஒருவர், முந்தைய நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் தந்தை இவ்வாறே வந்தார் என்று போப்பாண்டவரிடம் சான்று பகர்ந்ததாகக் கர்தினால் ஸ்தெஃபனேஸ்கி எழுதி வைத்துள்ளார். மக்கள் முன்னே வந்தனர். ஆணை பின்னே வந்தது. பெப்ரவரி 22ஆம் நாள் எட்டாம் போனிபாஸ் பிறப்பித்த அவ்வாணை, மனம் நொந்து பாவங்களை அறிக்கையிட்டவர்கள் பேதுரு, பவுல் ஆகிய இரு புனிதர்களின் பேராலயங்களையும் தரிசித்தால் பாவத்துக்குரிய தண்டனை முற்றும் நீங்கும் என்றது. நகரவாசிகள் 30 நாள்களும் அயலூரார் 15 நாள்களும் தரிசிக்க வேண்டும் என்பது விதி. முதல் ஜூபிலி ஆண்டு இதுவே.

பதினைந்து நாள்கள் ஒரு நகரில் தங்குபவன் ஆலயத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க இயலாது. இரு பேராலயங்களுக்கும் இடைப்பட்ட வழியெங்கும் பழைய பேரரசின் இடிபாடுகள் கிடந்தன. அவற்றைக் காணும் ஆவல் அப்போதுதான் முளைத்ததும் அன்று. 1140களிலேயே 'ரோமாபுரியின் அதிசயங்கள்' என்னும் இலத்தீன் கைந்நூல் எழுந்துவிட்டது. போய்வந்தவர் போகின்றவர்க்கு வழிகாட்டும் நம் ஆற்றுப்படையை ஒருவாறு நினைவூட்டும் அந்நூலில், உண்மையைவிடக் கற்பனையே மிகுதி. கப்பித்தோல் குன்றில் மாகாணத்துக்கு ஒரு சிலை இருந்ததென்றும், ஒரு மாகாணம் கிளர்ந்தெழுந்தால் அதன் சிலையிலிருந்த மணி தானே ஒலித்ததென்றும் அது கதை சொல்லும்.

இக்கதைகளை ஏற்க மறுத்த ஒருவரும் இருந்தார். மாஸ்டர் கிரிகோரியஸ் என்னும் ஆங்கிலேயர், ஜூபிலிக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் ரோமாபுரிக்கு வந்தவர். பேராலயத்தின் அருகே நின்ற எகிப்தியத் தூணை யாத்திரிகர்கள் 'புனித பேதுருவின் ஊசி' என்றழைத்தனர். வெண்கலச் சிங்கங்கள் தாங்கிய அதன் அடியில் ஊர்ந்து சென்றால் பாவம் தீரும் என நம்பி, உடலை நெளித்து நுழைந்தனர். கிரிகோரியஸ் அதனைப் பொய்யென இகழ்ந்தார். தூணின் உச்சியிலிருந்த உருண்டையில் ஜூலியஸ் சீசரின் சாம்பல் இருப்பதாக மட்டும் நம்பினார். ஒரே கல் ஒருவருக்குப் பரிகாரத் தலம், மற்றவருக்குப் பேரரசனின் சமாதி. 1586இல் அத்தூணை இன்றைய சதுக்கத்துக்குப் பெயர்த்த பொறியாளர் தொமேனிக்கோ ஃபொந்தானா அந்த உருண்டையை ஆராய்ந்தபோது, அதில் சாம்பல் எதுவும் இல்லை. பக்தனின் நம்பிக்கையைக் கேலி செய்த அறிஞரின் நம்பிக்கையும் அவ்வளவே. ஆயினும் கிரிகோரியஸை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பளிங்கு வீனஸ் சிலை ஒன்றின் அழகு, ஏதோ மாயம் போல் தம்மை மும்முறை இழுத்து வந்தது என்று அவர் ஒப்புக்கொள்கிறார். சமயப் பெரியோர் ஐயத்தோடு நோக்கிய கண்ணின் ஆசை இதுதான்.

1300இல் அந்தக் கண்ணோடு வந்தவர் ஃபுளோரன்ஸ் வணிகர் ஜியோவானி வில்லானி. நகரவாசிகள் நீங்கலாக எந்நேரமும் 2,00,000 யாத்திரிகர் அங்கிருந்தனர் என்று அவர் எழுதுகிறார். எண்ணிக்கை மிகையாகவே இருக்கலாம்; எனினும் எதையும் எண்ணிப் பார்ப்பது அவர் தொழிற்பழக்கம். அஸ்தி நகரத்து வெந்தூரா கண்ட காட்சி வேறு: புனித பவுலின் பலிபீடத்தருகே இரு குருமார் இரவும் பகலும் வாரிக்கோல் ஏந்தி நின்று, குவிந்த காசுகளை வாரிக்கொண்டிருந்தனராம். வில்லானியின் மனத்தைப் பற்றியதோ இடிபாடுகள்தாம். வர்ஜில், சல்லஸ்ட், லிவி முதலியோர் ரோமாபுரியின் வரலாற்றை எழுதிக் காத்தனர். அதன் மகளான ஃபுளோரன்ஸ் வளர்ந்து வருகிறது, தாயோ தேய்ந்து வருகிறாள். மகளின் வரலாற்றை எழுதுவோர் யார் என்று எண்ணினார். ஊர் திரும்பியதும் தொடங்கிய அவ்வரலாற்றை, 1348இல் கொள்ளைநோய் தம்மைக் கொண்டுசெல்லும் வரை எழுதினார். பாவம் நீங்கப் போனவர் ஒரு பெருநூலைச் சுமந்து வந்தார்.

தாந்தே தம் காவியப் பயணம் நிகழ்ந்த காலமாகத் தேர்ந்ததும் அதே 1300ஆம் ஆண்டின் உயிர்ப்புத் திருநாட் காலமே. திபேர் ஆற்றுப் பாலத்தில் நெரிசலைத் தவிர்க்க, கோட்டையை நோக்கிப் பேராலயம் செல்வோர் ஒரு பக்கமும், குன்றை நோக்கித் திரும்புவோர் மறுபக்கமும் செல்லுமாறு வகுத்திருந்தனர். இந்த ஒழுங்கைத் தாந்தே நரக காண்டத்தின் 18ஆம் சருக்கத்தில் எடுத்தாள்கிறார். அங்கே இரு வரிசையாக எதிரெதிரே ஓடுவோர் பெண்களை ஏய்த்தவர்களும் விற்றவர்களும். விரட்டுவோர் சவுக்கேந்திய பேய்கள். மன்னிப்பு நாடி நடந்தவர்களின் பாலம் மன்னிப்பே இல்லாதவர்களின் பாதைக்கு உவமையாகிவிட்டது. அடுத்த சருக்கத்தில், அப்போது உயிரோடிருந்த போனிபாஸுக்கே நரகத்தில் இடம் குறிக்கப்படுகிறது. 1302இல் தாந்தே நாடு கடத்தப்பட்டதில் அப்போப்பாண்டவரின் அரசியலுக்குப் பங்குண்டு என்பதை மறந்து இதைப் படிக்கலாகாது.

ஆனால் யாத்திரிகன் மீது கவிஞருக்குப் பகை இல்லை. சொர்க்க காண்டத்தின் 31ஆம் சருக்கத்தில், ரோமாபுரியின் மாட மாளிகைகளைக் கண்டு வாய்பிளந்து நிற்கும் வடநாட்டாரும், நேர்ந்துகொண்ட ஆலயத்தைச் சுற்றிப் பார்த்து, ஊருக்குப் போய் எவ்வாறு சொல்வோம் என்று இப்போதே எண்ணும் யாத்திரிகனும், வெரோனிக்காவின் துணியில் பதிந்த திருமுகத்தைக் காணக் குரோவாசியாவிலிருந்து வந்தவனும் அடுத்தடுத்து வருகின்றனர். இறைக்காட்சியின் வாயிலில் நின்று தம் வியப்பைச் சொல்ல, இவ்வேடிக்கை பார்ப்போரையே அவர் துணைக்கழைக்கிறார்.

பெத்ரார்க்கின் வரிசை தலைகீழானது. 1337இல் முதன்முறை வந்தபோதும், 1341இல் கப்பித்தோல் குன்றில் கவிமுடி சூடிக்கொண்டபோதும் அவர் தேடியது பழம்பெருமையையும் புகழையும். தியோக்ளேசியனின் வெந்நீர்க் கூடத்தின் மேல்தளத்தில் நண்பரோடு அமர்ந்து, கீழே கிடந்த இடிபாடுகளைப் பார்த்தபடி வரலாறு பேசினார். ரோமாபுரியை மிகக் குறைவாக அறிந்தவர் ரோமாபுரி மக்களே என வருந்தினார். அவரே செஸ்தியுஸின் பிரமிடை ரேமுஸின் சமாதி என்று எழுதியதுதான் விந்தை. அதன் மேல் கல்வெட்டு உண்டு. புதர்களை விலக்கிப் படிக்க அவர் முயலாமல் பொதுமக்களின் வழக்கைப் பின்பற்றினார் போலும் என்று பிற்காலத்து அறிஞர் போஜ்ஜோ பிராச்சியோலினி கருதினார்.

1350இல் இரண்டாம் ஜூபிலி வந்தது. போப்பாண்டவர் அப்போது அவிஞ்ஞோனில் இருந்தார். முந்தைய ஆண்டின் நிலநடுக்கத்தால் ரோமாபுரியின் ஆலயங்கள் சிதைந்திருந்தன. பெத்ரார்க் ஐந்தாம் முறையாகப் புறப்பட்டார். முன்னைய பயணங்களைவிட இதுவே மேலானது, புகழைவிட ஆன்மாவின் மீட்பே பெரிது என்று நண்பர் போக்காச்சியோவுக்கு எழுதினார். வழியில் உடன் வந்தவரின் குதிரை உதைத்துக் காலில் காயம்பட்டது. தாம் தேடிவந்த நகரத்தில், புண் ஆறும்வரை நடக்க இயலாமல் படுக்கையில் கிடந்தபடியே அவர் அம்மடலை எழுதினார்.