ஆய்வகக் கினிப் பன்றிப் பேணல்

ஆய்வகக் கினிப் பன்றிப் பேணல் என்பது மருத்துவ, உயிரியல் ஆய்வுகளுக்காக வளர்க்கப்படும் கினிப் பன்றிகளின் உறைவிடம், உணவு, கூட்டு வாழ்க்கை, நலன் ஆகியவற்றைப் பற்றிய துறையாகும். சீமைப் பெருச்சாளி என்றும் அழைக்கப்படும் இவ்விலங்கின் அறிவியற் பெயர் கேவியா போர்செல்லசு. பெயரில் பன்றி இருப்பினும் இது ஒரு கொறிணி. கினி நாட்டிற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. தென் அமெரிக்காவின் அந்தீசு மலைப்பகுதி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதனை இறைச்சிக்காக வீட்டு விலங்காக்கினர். சோதனைக்கு ஆளாகும் மனிதரை ஆங்கிலத்தில் இதன் பெயராலேயே குறிப்பர். தமிழில் அவ்விடத்தைச் சோதனை எலி பிடித்துக்கொண்டது.

வரலாறு

1780களில் பிரான்சில் லவாய்சியேயும் லாப்லாசும் பனிக்கட்டிக் கலோரிமானிக்குள் ஒரு கினிப் பன்றியை வைத்து, மூச்சு விடுதல் ஒருவகை எரிதலே எனக் காட்டினர். 1882இல் இராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை நிறுவியபோதும், 1907இல் நார்வேயைச் சேர்ந்த ஆக்செல் ஓல்சுட்டும் தியோடர் புரோலிக்கும் ஸ்கர்வி நோயை உணவுக் குறைபாட்டால் உண்டாக்கிக் காட்டியபோதும் பயன்பட்டது இதே விலங்கு. அக்காலங்களில் பேணல் என்பது கூண்டு, தீனி, தண்ணீர் என்ற அளவிலேயே கருதப்பட்டது.

கூட்டு வாழ்க்கை

கினிப் பன்றி தனித்து வாழும் விலங்கு அன்று. ஓர் ஆணும் சில பெண்களும் குட்டிகளும் கொண்ட சிறு குழுவே இதன் இயல்பான குடும்பம். உடலோடு உடல் ஒட்டிக் கிடப்பதும், இடைவிடாது மெல்லிய ஒலியெழுப்பித் தொடர்பு கொள்வதும் இவற்றின் வழக்கம். தீவனம் கொண்டுவரும் பணியாளரின் காலடி ஓசை கேட்டதும் அறை முழுவதும் எழும் சீழ்க்கை ஒலி ஆய்வகப் பணியாளர் யாவரும் அறிந்ததே.

இக்கூட்டுறவு வெறும் பழக்கம் மட்டும் அன்று என்பதை ஜெர்மனியின் மூன்சுடர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோர்பெர்ட் சாக்சரும் அவருடைய குழுவினரும் அளந்து காட்டினர். அறிமுகமற்ற இடத்தில் விடப்படும் ஆணின் குருதியில் கார்ட்டிசால் என்னும் அழுத்த இயக்குநீர் பெருமளவு உயர்கிறது. அதனோடு பிணைப்புக் கொண்ட பெண் உடனிருந்தால் அவ்வுயர்வு வெகுவாகக் குறைகிறது. அறிமுகமற்ற பெண்ணோ, ஒரே கூட்டத்தில் வளர்ந்தும் பிணைப்பு இல்லாத பெண்ணோ உடனிருந்தால் இப்பயன் கிட்டுவதில்லை. ஆகவே ஏதேனும் இரு விலங்குகளை ஒரு கூண்டில் இட்டுவிட்டால் போதும் என்பது சரியான எண்ணம் அன்று. யாரோடு யார் என்பதும் கேள்வியாகும்.

பெருங்கூட்டத்தில் வளர்ந்த ஆண்கள் பருவமெய்தும் காலத்தில் மூத்த ஆண்களிடம் அடங்கிப் போகக் கற்றுக்கொள்கின்றன. பின்னர் அயல் ஆண்களைச் சந்தித்தாலும் சண்டையின்றி ஒதுங்குகின்றன. அத்தகைய பயிற்சியின்றி வளர்ந்த ஆண்களோ கடுமையாகப் போரிடுகின்றன. ஆண்களைச் சேர்த்து வைக்க முடியாது என்று தனிக்கூண்டுக்குக் காரணம் கூறப்படுவதுண்டு. அக்கடுமையின் பெரும்பகுதி வளர்ப்பு முறையால் விளைந்தது என்பதை இவ்வாய்வுகள் உணர்த்துகின்றன.

குட்டிகள் மயிரோடும் திறந்த கண்களோடும் பிறந்து, ஓரிரு நாட்களில் தீனியைக் கொறிக்கத் தொடங்குகின்றன. இதனால் தாயின் தேவை குறைவு என்று தோன்றலாம். எனினும் ஐக்கிய அமெரிக்காவின் ரைட் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஹென்னசியின் ஆய்வுகளில், தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குட்டிகள் முதலில் இடைவிடாது கூவி, பின்னர் மயிர் சிலிர்த்துக் கண்களை மூடி ஒடுங்கிக் கிடந்தன. வேண்டிய விடையின் ஒரு பகுதியாகவே அமையாத இத்தகைய அழுத்தம் ஆய்வு முடிவுகளையும் திரித்துவிடக்கூடும். எனவே இது விலங்கின் நலத்தோடு மட்டும் நின்றுவிடும் செய்தி அன்று.

தரையும் இடமும்

கழிவு கீழே விழுந்துவிடும் என்பதால் கம்பி வலைத் தரை நெடுங்காலம் விரும்பப்பட்டது. கினிப் பன்றியின் உடல் கனமானது, உள்ளங்கால் மயிரற்றது. வலைத்தரையில் பாதப்புண் உண்டாகிறது. கண்ணியில் கால் சிக்கி எலும்பு முறிவதும் உண்டு. ஆகையால் படுகை பரப்பிய திண்தரையே பரிந்துரைக்கப்படுகிறது. இவ்விலங்கு நன்றாக ஏறவோ குதிக்கவோ அறியாது. எனவே தாழ்ந்த சுவர் கொண்ட திறந்த தொழுவமே ஒரு குழுவுக்குப் போதுமானது.

அச்சமுற்றால் இவை அசைவற்று உறைந்து நிற்கும், அல்லது மூலைக்கு மூலை சிதறி ஓடும். அவ்வோட்டத்தில் குட்டிகள் மிதிபடுவதுண்டு. திறந்த நடுப்பகுதியைத் தவிர்த்துச் சுவரோரமாகவே நடமாடுவதால், ஒளிவிடங்கள் இல்லாத அகன்ற தொழுவத்தில் நடுப்பரப்பு பெரும்பாலும் வீணாகிறது. மனிதச் செவிக்கு எட்டாத மீயொலியும் இவற்றுக்குக் கேட்கும் என்பதால் கருவிகளின் ஓசை குறித்தும் கவனம் வேண்டும். முயல்களோடு ஒரே அறையில் வைத்தல் கூடாது. முயல் நோயின்றிச் சுமக்கும் போர்டெடெல்லா என்னும் கிருமி இவற்றுக்கு நுரையீரல் அழற்சியைத் தருகிறது.

உணவு

மனிதரைப் போலவே கினிப் பன்றியும் உயிர்ச்சத்து சி-யைத் தன் உடலில் ஆக்கிக்கொள்ள இயலாதது. நாளொன்றுக்கு ஒரு கிலோகிராம் உடல் எடைக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராமும், சினைக்காலத்தில் 30 மில்லிகிராமும் தேவை. தீவனத்தில் சேர்த்த உயிர்ச்சத்து நாட்பட அழிந்துவிடுவதால் தயாரித்த நாளைக் கவனிக்க வேண்டும். ஓயாது வளரும் பற்களைத் தேய்க்க உலர்புல் உதவுகிறது. ஒன்றன் மயிரை மற்றொன்று கடித்து மெல்லும் பழக்கமும் அதனால் குறைகிறது. பழகாத தீவனத்தையோ நீர்க்குழாயையோ திடீரென மாற்றினால் இவை உண்ணாமல் பட்டினி கிடக்கும். பெனிசிலின் இவற்றின் குடல் நுண்ணுயிர்களைக் குலைத்துக் கொன்றுவிடக்கூடும் என்பது மருந்து வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

சட்டங்கள்

ஐக்கிய அமெரிக்காவின் 1966ஆம் ஆண்டு விலங்குச் சட்டம் தொடக்கத்திலிருந்தே கினிப் பன்றியை உள்ளடக்கியது. ஆய்வுக்கென வளர்க்கப்படும் சுண்டெலிகளும் எலிகளும் 2002இல் சட்டத் திருத்தம் மூலமாகவே விலக்கப்பட்டன என்பது ஒப்பிடத்தக்கது. அந்நாட்டில் 350 கிராமுக்கு மேற்பட்ட விலங்குக்கு 101 சதுர அங்குலம், அதாவது சுமார் 652 சதுர செண்டிமீட்டர் தரையும் 7 அங்குல உயரமும் குறைந்தபட்ச அளவாகும். இது பக்கத்துக்கு ஏறக்குறைய 25 செண்டிமீட்டர் கொண்ட சதுரம். வளர்ந்த விலங்கின் உடல் நீளமே ஏறத்தாழ அவ்வளவு இருப்பதால், தனியே அடைக்கப்பட்டது திரும்பி நிற்பதைத் தவிர வேறொன்றும் செய்ய இடமில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு நெறிமுறை 700 கிராமுக்கு மேற்பட்ட விலங்குக்கு 900 சதுர செண்டிமீட்டரும் 23 செண்டிமீட்டர் உயரமும் வேண்டுகிறது. அதைவிட முக்கியமாக, எத்தனை விலங்கு இருந்தாலும் அவ்வெடையினவற்றின் கூண்டு 2500 சதுர செண்டிமீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறது. சுவிட்சர்லாந்தின் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி வீட்டு வளர்ப்பிலும் ஒற்றைக் கினிப் பன்றியை வைத்திருத்தல் கூடாது.

குறைந்துவரும் பயன்பாடு

தோல் ஒவ்வாமைச் சோதனைகள் நெடுங்காலம் கினிப் பன்றிகளைக் கொண்டே நடந்தன. பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2002இல் சுண்டெலி முறையையும், 2021இல் விலங்குகளே இல்லாத முறைகளின் தொகுப்பையும் ஏற்றது. தடுப்பூசித் தொகுதிகளைச் சுண்டெலிகளிலும் கினிப் பன்றிகளிலும் செலுத்திப் பார்க்கும் பொதுத் தீங்கின்மைச் சோதனையைக் கைவிடுமாறு உலக சுகாதார அமைப்பின் வல்லுநர் குழு 2018இல் பரிந்துரைத்தது. காசநோய்த் தடுப்பூசி, செவிப்புலன், மூச்சுக்குழல் ஆய்வுகளிலும், மருத்துவக் கருவிகளின் ஒவ்வாமைச் சோதனையிலும் இவை இன்றும் பயன்படுத்தப்படுகின்றன.