தனியார் கருத்தரிப்பு மையங்கள்: ஒழுங்குமுறையும் ஆய்வும் (தமிழ்நாடு)

குழந்தையின்மைக்குச் சிகிச்சை தரும் தனியார் மையங்களைப் பதிவு செய்வது, நேரில் ஆய்வு செய்வது, விதிமீறலைத் தண்டிப்பது ஆகியவற்றுக்கெனத் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் நடைமுறைக்கு வந்தது 2022இல்தான். அதுவரை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இத்தொழில் மருத்துவர்களின் மனச்சாட்சியை நம்பியே நடந்தது.

உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் துர்கா என்ற சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. தென்னிந்தியாவில் 1990இல் மருத்துவர் கமலா செல்வராஜ் சென்னையில் இச்சிகிச்சையில் வெற்றி கண்டார். பிரிட்டன் அதே 1990இல் சட்டம் இயற்றி, உரிமம் வழங்கவும் ஆய்வு செய்யவும் தனி ஆணையத்துக்கு வழிசெய்துவிட்டது. இந்தியாவிலோ 2005இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வழிகாட்டு நெறிகளை மட்டும் வெளியிட்டது. அவற்றை மீறியவரைத் தண்டிக்க வழியில்லை. 2008, 2010, 2014 ஆண்டுகளின் சட்ட வரைவுகள் வரைவுகளாகவே நின்றுபோயின.

தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997இலேயே நிறைவேறியது. விதிகள் வந்தது 2018இல். பெண் சிசுக்கொலையால் அறியப்பட்ட சேலம் வட்டாரத்தில் அதிகாரிகளுக்குப் பழகிய ஆய்வு, பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கும் ஸ்கேன் மைய ஆய்வுதான். ஸ்கேன் கருவிக்குப் பதிவு உண்டா, படிவங்கள் சரியா என்று பார்ப்பார்கள். கருமுட்டை கொடுக்க வந்தவள் யார், எத்தனையாவது முறை வருகிறாள் என்பது அந்த ஆய்வின் எல்லைக்குள் வரவேயில்லை.

இந்த இடைவெளி எவ்வளவு கொடியது என்பது 2022 ஜூனில் ஈரோட்டில் வெளிப்பட்டது. 16 வயதுச் சிறுமி ஒருத்தியின் கருமுட்டைகள் பலமுறை விற்கப்பட்டிருந்தன. அவளுடைய தாயும், தாயுடன் வாழ்ந்தவரும், இடைத்தரகராக இருந்த பெண்ணும் கைதானார்கள். வயதைக் கூட்டிக் காட்டும் போலி ஆதார் அட்டை பயன்பட்டிருந்தது. கருமுட்டை எடுப்பது ரத்ததானம் போன்றதல்ல. ஏறக்குறைய பத்து நாள் ஹார்மோன் ஊசி போட்டு, இடையிடையே ஸ்கேன் பார்த்து, மயக்க மருந்து கொடுத்து, பிறப்புறுப்பின் வழியே ஊசி செலுத்திச் சினைப்பையிலிருந்து முட்டைகளை உறிஞ்சி எடுக்கிறார்கள். சினைப்பை அளவுமீறித் தூண்டப்பட்டால் வயிற்றில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். இத்தனை நாளும் அச்சிறுமியைப் பார்த்தவர்கள் அட்டையில் இருந்த வயதை ஏற்றுக்கொண்டார்கள் என்பதை மன்னிக்க முடியாது. சுகாதாரத் துறையின் விசாரணைக்குப் பின் ஜூலையில் சம்பந்தப்பட்ட மருத்துவமனைகள்மீது அரசு நடவடிக்கை அறிவித்தபோது முதலில் சீல் வைக்கப்பட்டவையும் ஸ்கேன் அறைகள்தாம்.

இடைத்தரகர்களின் இவ்வரலாற்றுக்குக் கொல்லிமலையும் வெளியே இல்லை. 2019 ஏப்ரலில் ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் குழந்தை விற்பனை பற்றிப் பேசிய ஒலிப்பதிவு பரவியது. அவ்வழக்கில் கொல்லிமலை அரசு ஆரம்ப சுகாதார நிலைய ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் கைதானார், மலையில் நடந்த பிறப்புகளின் பதிவுகள் சரிபார்க்கப்பட்டன, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குச் சென்றது. வாசலூர்பட்டி, செம்மேடு போன்ற ஊர்களிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ போகவேண்டும். கூட வந்து வழிகாட்டும் ஆளே தரகராகவும் மாறும் ஆபத்து இங்கே அதிகம்.

உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் 2021 டிசம்பரில் நிறைவேறி 2022 ஜனவரி 25 முதல் அமலானது. ஈரோட்டு வழக்கு வெளிவந்த அதே ஜூனில் அதன் விதிகள் வெளியாயின. மையங்கள், கருமுட்டையும் விந்தணுவும் பெற்றுத்தரும் வங்கிகள் அனைத்துக்கும் பதிவு கட்டாயம். அது 5 ஆண்டுகள் செல்லும். கருமுட்டை தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்கவேண்டும். வாழ்நாளில் ஒருமுறை மட்டும், 7 முட்டைகளுக்கு மிகாமல் தரலாம். அவருக்குக் காப்பீடு எடுக்கவேண்டும். முதல் குற்றத்துக்கு 5 முதல் 10 லட்சம் ரூபாய் அபராதம். மறுபடி செய்தால் 3 முதல் 8 ஆண்டு சிறை. கொடையாளரைத் தேடுவதும் பரிசோதிப்பதும் பதிவுபெற்ற வங்கியின் வேலை. அவரது பெயரையும் ஆதார் எண்ணையும் முகவரியையும் வங்கி பெறவேண்டும்.

‘வாழ்நாளில் ஒருமுறை’ என்ற விதி நிற்பது இந்த அடையாளச் சோதனையில்தான். அட்டை நகலை வாங்கிக் கோப்பில் வைத்தால் போதாது; அட்டைக்கு உரியவள்தான் எதிரே நிற்கிறாளா என்று வங்கியும் ஆய்வாளரும் உறுதிசெய்ய வேண்டும். மேலும், இச்சட்டப்படி அமைக்கப்படும் தேசிய வாரியமோ மாநில வாரியமோ அவற்றின் அதிகாரம் பெற்ற அலுவலரோ புகார் கொடுத்தால் மட்டுமே நீதிமன்றம் இச்சட்டத்தின்கீழ் வழக்கை ஏற்கும். பாதிக்கப்பட்ட பெண் நேரே வழக்குத் தொடுக்க முடியாது.