குழி, சட்டகம், மாத்திரை

எந்த ஜிம்முக்குப் போனாலும் இந்தக் குரல் கேட்கும்: 'முழுசா இறங்குப்பா, அரைகுறையா எடுக்காதே.' பளுவைப் பாதித் தூரம் மட்டும் நகர்த்துகிறவன் சோம்பேறி, இல்லாவிட்டால் ஏமாற்றுக்காரன். முழு அசைவு என்பது போட்டி நடுவரின் அளவுகோல். அது எப்படியோ உடலின் ஒழுக்கமாகவும் ஆகிவிட்டது. மூட்டை சுமப்பவரும் வண்டி தள்ளுபவரும் மூட்டுகளின் முழு வீச்சில் வேலை செய்வதில்லை; அதனால் அவர்கள் உழைப்பு குறைந்துபோவதுமில்லை. அரைகுறை என்று ஒதுக்கப்பட்ட இந்த அசைவுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் ஒரு குழி வருகிறது, ஒரு சட்டகம் வருகிறது, கடைசியில் ஒரு மாத்திரையும் வருகிறது.

பால் ஆண்டர்சன் 1932ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், டொக்கோவா என்ற சிற்றூரில் பிறந்தவர். பீப்பாய், சக்கரம், இரும்புப் பெட்டி என்று கையில் கிடைத்ததெல்லாம் அவருக்குப் பளு. தோளில் பாரை வைத்து பஸ்கி எடுக்க வேண்டும். ஆனால் அவர் விரும்பிய எடையோடு முழுதாக உட்கார்ந்து எழ முடியாது. என்ன செய்தார்? தரையில் குழி தோண்டி உள்ளே இறங்கி நின்றார். பளு குழியின் கரைகளில் கிடந்தது. முழங்காலைச் சற்றே மடக்கி நிமிர்ந்தால் போதும், பளு எழும்பிவிடும். பிறகு குழிக்குள் கொஞ்சம் மண் தள்ளினார். நிற்கும் இடம் உயர, இன்னும் சிறிது ஆழமாக மடங்க வேண்டியதாயிற்று. மண் ஏற ஏற அரை அசைவு முழு அசைவாக வளர்ந்தது.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கையில் நெம்புகோல் கணக்கு கால்களுக்குச் சாதகம். கீழே போகப்போகப் பாதகம். பயிற்சி செய்த கோணத்திலும் அதை ஒட்டியும்தான் பலம் அதிகம் கூடும் என்று ஆய்வகங்களும் சொல்லியிருக்கின்றன. மண்வெட்டி பிடித்த கைக்கு அது அனுபவமாகத் தெரிந்திருந்தது.

1955ல் மாஸ்கோவில், குளிர்யுத்தத்தின் நடுவே, ஆண்டர்சன் 402.5 பவுண்டைத் தலைக்குமேல் தூக்கினார். சோவியத் மக்கள் அவரை 'இயற்கையின் அதிசயம்' என்றார்கள். மறு ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கம். ஆனால் ஒருவரை 'அதிசயம்' என்று சொல்லிவிட்டால், அவர் யோசித்துச் செய்த வேலை பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. உடலைக் கொண்டாடுவதன் மூலமே அந்த உடலின் அறிவை இல்லாமலாக்குவது நமக்கும் பழக்கமான சொல்லாடல்தானே.

அடுத்து சட்டகம். 1953ல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில், உழைப்பின் உடலியங்கியலை ஆராய்ந்த மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில், ஹெட்டிங்கரும் முல்லரும் ஒரு முடிவை வெளியிட்டார்கள்: அசையாத ஒன்றை எதிர்த்துத் தினமும் சில விநாடி முறுக்கினாலே பலம் கூடும். அமெரிக்க மருத்துவர் ஜான் ஸீக்லர் இதைப் பளுதூக்குவோரிடம் கொண்டுவந்தார். துளையிட்ட இரும்புச் சட்டகம். அதில் மேலும் கீழும் கம்பிகள். பாரைச் சில அங்குலம் மட்டும் உயர்த்தி, மேல்கம்பியில் முட்டவைத்து, அப்படியே அழுத்தி நிற்க வேண்டும். பில் மார்ச், லூயி ரீக்கி ஆகியோரின் பலம் விறுவிறுவென்று ஏறியது. பென்சில்வேனியாவின் யார்க் நகரில் பளுக்கருவி உற்பத்தி செய்த பாப் ஹாஃப்மன், 1960களின் தொடக்கத்தில் தன் பத்திரிகையில் இந்த முறையைப் பரபரப்பாக்கினார். சட்டகமும் விற்றது, பயிற்சிப் பாடமும் விற்றது.

பத்திரிகை சொல்லாமல் விட்டது மாத்திரையை. சீபா கம்பெனி 1958ல் அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்த டயனபால் என்ற ஸ்டீராய்டை, ஸீக்லர் அதே வீரர்களுக்குக் கொடுத்துவந்தார். முறையில் சரக்கே இல்லை என்பதல்ல. ஆனால் அந்த வேகத்துக்கு அது மட்டும் காரணமல்ல. காசு கொடுத்துச் சட்டகம் வாங்கிய பையனுக்கு இது தெரிய வழியில்லை. பலன் வராதபோது அவன் யாரைக் குறை சொல்லியிருப்பான்? தன் உடலைத்தான். ஒரு முழுப் பொய்க்குப் பாதி அசைவு திரையாக இருந்தது. மாத்திரை விவகாரம் அம்பலமானபோது முறையின் மதிப்பும் சேர்ந்தே சரிந்தது. மாத்திரையோ போகவில்லை, அது உலகமெங்கும் பரவியது. 1983ல் இறந்த ஸீக்லர், தன் கடைசிக் காலத்தில் அதற்காக வருந்தினார்.

2020களில் வந்த சில ஆய்வுகள் அரை அசைவைத் திரும்ப அழைத்து வந்திருக்கின்றன. தசை நீண்டு விரிந்திருக்கும் பாதியில் மட்டும் செய்தாலும், கெண்டைக்கால் போன்ற சில தசைகள் முழு அசைவுக்கு ஈடாக, சில சமயம் கூடுதலாகவும் வளர்கின்றன என்கிறார்கள். இருக்கட்டும். இதற்கும் ஒரு கருவி வரும், ஒரு பாடம் வரும். அப்போது நாம் கேட்க வேண்டியது, அசைவு முழுசா அரைகுறையா என்பதை அல்ல. விளம்பரத்தில் நிற்கும் அந்த உடல் வேறு என்னென்ன சாப்பிட்டது என்பதைத்தான்.