‘ஆல்வேஸ்’ நிற்கும் இடம்

‘ஆல்வேஸ்’, ‘ஆஃபன்’, ‘நெவர்’ போன்ற சொற்களை வினைக்கு முன்னால் போடு, ‘இஸ்’, ‘கேன்’ வந்தால் பின்னால் போடு என்று ஆங்கில இலக்கண வகுப்பில் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். ‘ஹி ஆல்வேஸ் கம்ஸ்’ என்று வரும். ஆனால் ‘ஹி இஸ் ஆல்வேஸ் லேட்’. ஏன் என்று கேட்கும் பிள்ளைக்கு ‘ஆங்கிலம் அப்படித்தான்’ என்ற பதில் போதாது. ஆங்கில வாக்கிய அமைப்பு மாறியபோது எல்லா வினைகளும் சேர்ந்து மாறவில்லை என்பதே இந்த இரட்டை விதிக்குக் காரணம்.

சான்று ‘நாட்’ என்ற சொல்லில் இருக்கிறது. ‘எனக்குத் தெரியாது’ என்பதற்கு ஒரு காலத்தில் ‘ஐ நோ நாட்’ என்பதே இயல்பான ஆங்கிலம். 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளிலும் இந்த வடிவம் உண்டு. எந்த வினையும் ‘நாட்’டைத் தாண்டி முன்னே வந்து நிற்கலாம். பிரெஞ்சில் இன்றும் வினைதான் முதலில். ‘அடிக்கடி’ என்ற பொருளுள்ள ‘சுவான்’ அதற்குப் பின்னால்தான். ஆங்கிலத்தில் ‘டூ’ துணைக்கு வந்து ‘ஐ டூ நாட் நோ’ நிலைபெற்ற நெடிய மாற்றத்தில் சாதாரண வினைகள் தாண்டும் பழக்கத்தை இழந்தன. ‘இஸ்’, ‘கேன்’, ‘வில்’ இழக்கவில்லை. ஆகவே எந்த வினைக்குப் பின்னால் ‘நாட்’ நேராக ஒட்டுமோ, அதற்குப் பின்னால்தான் ‘ஆல்வேஸ்’ வரும். இரண்டு விதிகள் போலத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான்.

காலக்கணக்கு பொருந்தவில்லையே என்று மறுக்கலாம். ‘டூ’ நிலைபெறுவதற்கு வெகு முன்பே ‘நெவர்’ வினைக்கு முன்னால் வரத் தொடங்கிவிட்டது. உண்மைதான். ஆனால் ஒரு மொழிமாற்றம் எல்லா வாக்கியங்களையும் ஒரே நாளில் தொடுவதில்லை. ‘நெவரை’ முதலிலும் எதிர்மறையையும் கேள்வியையும் பிறகும் தொட்டது. ‘எஸ், ஹி ஆல்வேஸ் இஸ்’ என்று சொல்கிறார்களே என்பது அடுத்த மறுப்பு. அங்கே வாக்கியம் ‘இஸ்’ஸோடு முடிகிறது, அழுத்தமும் அதன்மேல் விழுகிறது, அப்போது ‘ஆல்வேஸ்’ முன்னே நகர்கிறது. 1795இல் லிண்ட்லி மர்ரே எழுதிய பள்ளி இலக்கணம் இதைவிடத் தாராளமானது. துணைவினைக்கு முன்னாலும் பின்னாலும் ‘நெவர்’ வரலாம் என்று அது அனுமதித்தது. இன்று மாணவன் ‘நெவர் வாஸ்’ என்று எழுதினால் சுழிக்கப்படும் வரிசையை, தலைமுறைகள் படித்த அந்தப் புத்தகம் சரியென்றே ஏற்றிருந்தது.